ஆசை அவர்களுடையது, ஆட்சி உன்னுடையது!

பின்தங்கிய மாவட்டம்! இந்தப் பட்டப்பெயரைக் கேட்டே வளர்ந்தவர்கள் பெரம்பலூர், அரியலூர்ப் பிள்ளைகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காட்டை எட்டியபோது, பெரம்பலூர் 74.32இலும் அரியலூர் 71.34இலும் நின்றன. பெரம்பலூர் நகரத்துக்கு இன்றைக்கும் ரயில் கிடையாது. ஒரு பக்கம் மழையை நம்பி மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். இன்னொரு பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமென்ட் ஆலை, புழுதி கிளப்பும் லாரி. “இந்த ஊர்ல பொறந்துட்டு என்னத்தப் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற?” என்று கேட்டவர்களுக்குக் குறைவே இல்லை.

பிள்ளைகள் வாயால் பதில் சொல்லவில்லை. விடைத்தாளில் சொன்னார்கள்.

2022 பிளஸ் டூ தேர்வில் 97.95 விழுக்காடு தேர்ச்சியுடன் பெரம்பலூர் மாநிலத்தில் முதலிடம். 2023 பத்தாம் வகுப்பில் 97.67 விழுக்காட்டுடன் மறுபடியும் பெரம்பலூர் முதலிடம். 2024 பத்தாம் வகுப்பில் 97.31 விழுக்காட்டுடன் அரியலூர் முதலிடம். 2025 பிளஸ் டூவில் 98.82 விழுக்காட்டுடன் மீண்டும் அரியலூர் முதலிடம். 2007 நவம்பரில் பெரம்பலூரிலிருந்து பிரிந்துபோன மாவட்டம் அரியலூர். அண்ணனும் தம்பியும் ஆளுக்கு இரண்டு முறை, தொடர்ந்து நான்கு ஆண்டுகள், ஏதாவது ஒரு பொதுத்தேர்வில் தமிழ்நாட்டின் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்!

இராசேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரம் கட்டிய மண் இது என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். முழங்கலாம், தப்பில்லை. ஆனால் இராசேந்திரன் வந்து யாருக்கும் கணக்குப் பரீட்சை எழுதித் தரவில்லை. காலையில் அம்மாவோடு களையெடுக்கப் போய்விட்டு எட்டரை மணிப் பேருந்தைப் பிடித்த பிள்ளை எழுதியது. அப்பா துபாயிலும் சிங்கப்பூரிலும் கூலி வேலை பார்க்க, ஆயாவின் நிழலில் வளர்ந்த பிள்ளை எழுதியது.

ஆசிரியர்கள் மாலை நேரச் சிறப்பு வகுப்பு எடுத்தார்கள். தரேஸ் அகமது ஆட்சியராக இருந்த காலத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் தனிப் பயிற்சி கொடுக்கும் ‘சூப்பர் 30’ பெரம்பலூரில் தொடங்கியது. இவையெல்லாம் துணை. ஆனால் பள்ளி மணி அடித்த பிறகு, ஆசிரியர் வீட்டுக்குப் போன பிறகு, ஒரு பிள்ளையைப் புத்தகத்தின் முன் உட்காரவைப்பது எது? இரண்டே இரண்டு. ஒன்று, வீட்டார் அதன்மீது வைத்திருக்கும் எதிர்பார்ப்பு. மற்றொன்று, அது தன்மீது வைத்திருக்கும் கட்டுப்பாடு. இரண்டும் சேர்ந்தால் ரயில் வராத ஊருக்கும் முதலிடம் வரும். ஒன்று இருந்து ஒன்று இல்லாவிட்டால், எதிர்பார்ப்பு சுமையாகும், திறமை வீணாகும்.

அப்பாவின் ஒரே வரி

“நான் பட்ட பாடு எம்புள்ள படக் கூடாது.”

வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும், குன்னத்திலும் ஜெயங்கொண்டத்திலும் இந்த வரி ஒலிக்காத வீடு இல்லை. பருத்தி எடுக்கும்போது சொல்வார்கள். முந்திரிக்கொட்டை பொறுக்கும்போது சொல்வார்கள். வளைகுடாவின் தகரக் கொட்டகையில் வேலை முடிந்து களைத்துக் கிடக்கும் அப்பா, வீடியோ காலில் இதையே சொல்வார்.

இந்த ஒரு வரி சில பிள்ளைகளுக்கு முதுகெலும்பு. சில பிள்ளைகளுக்கு அதுவே மூச்சுமுட்டல். ஏன் இந்த வேறுபாடு?

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 3,500க்கும் மேற்பட்ட மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் ஐந்தாம் வகுப்பு தொடங்கிப் பத்தாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் கவனித்த ஓர் ஆய்வு உண்டு. கோ முராயாமா என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அதை 2016இல் வெளியிட்டார்கள். பெற்றோரிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன. உங்கள் பிள்ளை கணக்கில் எவ்வளவு வாங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்? உண்மையிலேயே எவ்வளவு வாங்குவான் என்று நம்புகிறீர்கள்? பெற்றோர் ஆசைப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆனால் ஆசை நம்பிக்கையைத் தாண்டி ஓடிய வீடுகளில் பிள்ளைகளின் மதிப்பெண் இறங்கியது.

பவேரியாவை விடு. நம் வீட்டுத் திண்ணைக்கு வா. “நீ டாக்டர் ஆவணும்டா” என்று சொல்லும் அதே வாய், அடுத்த நிமிடம் “இவன் எங்க உருப்படப் போறான்” என்கிறதா இல்லையா? முதல் வாக்கியம் ஆசை. இரண்டாவது வாக்கியம் நம்பிக்கையின்மை. பிள்ளையின் நெஞ்சில் தைப்பது எது தெரியுமா? இரண்டாவதுதான்! ஆசையை வானத்தில் வைத்துவிட்டு நம்பிக்கையைக் குழிதோண்டிப் புதைத்தால், நடுவில் அந்தப் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு ஏறும்?

அதனால் பெற்றோரே, ஆசையைக் குறைக்கச் சொல்லவில்லை. நம்பிக்கையை உயர்த்துங்கள் என்கிறேன். “டாக்டர் ஆகு” என்று பத்து தடவை சொல்வதைவிட, “போன பரீட்சையில் கணக்கில் 52, இந்தத் தடவை 60 எடுப்பாய், எனக்குத் தெரியும்” என்று ஒரு தடவை சொல்லுங்கள். 60 கைக்கு எட்டும் தூரம். எட்டிய பிறகு 70ஐக் காட்டுங்கள். படிப்படியாக ஏறுகிற பிள்ளைக்குத் தலை சுற்றாது.

உன் வீட்டுப் பட்டறையைப் பார்

இப்போது உன்னிடம் வருகிறேன், தம்பி. உன்னிடமும்தான், தங்கச்சி.

சுயகட்டுப்பாடு என்றதும் கொட்டாவி விடாதே. ஏதோ சாமியார் சமாச்சாரம் என்று ஒதுக்காதே. பெரம்பலூர் வட்டாரத்தில் சின்ன வெங்காயம் அறுவடை செய்த விவசாயியைப் பார்த்திருப்பாய். அறுவடை நேரத்தில் சந்தையில் வரத்து அதிகம், விலை மட்டம். வீட்டில் கடன் இருக்கிறது, செலவு இருக்கிறது, இன்றைக்கே விற்றால் கையில் காசு. இருந்தும் அவர் என்ன செய்கிறார்? காற்று புகும்படி வயலோரத்தில் பட்டறை போட்டு வெங்காயத்தைச் சேமிக்கிறார். விதைக்கு ஒதுக்குவதை ஒதுக்குகிறார். விலை ஏறும் வரை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருக்கிறார். நாளை கிடைக்கப்போகும் பெரியதற்காக இன்று கிடைக்கும் சிறியதை வேண்டாம் என்று சொல்லும் திடம் அது. அந்தத் திடத்துக்குத்தான் சுயகட்டுப்பாடு என்று பெயர். உன் தாத்தாவுக்கு அது இருந்தது. உன் அப்பாவுக்கு அது இருக்கிறது. உன் ரத்தத்தில் அது இல்லாமல் எங்கே போய்விடும்?

இது வெறும் மேடைப் பேச்சு என்று நினைக்காதே. அமெரிக்காவில் ஏஞ்சலா டக்வொர்த், மார்ட்டின் செலிக்மன் என்ற இரு உளவியலாளர்கள் எட்டாம் வகுப்பு மாணவர்களை ஆராய்ந்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மாணவன் அதிக மதிப்பெண் வாங்குவதற்கும் இன்னொருவன் குறைவாக வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை, நுண்ணறிவு விளக்கியதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாகச் சுயகட்டுப்பாடு விளக்கியது. புரிகிறதா? உன் வகுப்பில் ‘அவனுக்கு நல்ல மூளை’ என்று ஒருவனைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாயே, அந்த மூளையைவிடப் பெரிய ஆயுதம் உன் கையில் இருக்கிறது. அதைத் தீட்டாமல் துருப்பிடிக்க விட்டிருக்கிறாய்!

நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972–73இல் பிறந்த சுமார் 1,000 குழந்தைகளை ஆராய்ச்சியாளர்கள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். சின்ன வயதில் தன்னைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர்கள், 32 வயதில் உடல்நலத்திலும் பொருளாதாரத்திலும் மேலான நிலையில் இருந்தார்கள். வசதியான வீட்டில் பிறந்தார்களா, அறிவாளியாகப் பிறந்தார்களா என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இந்த உண்மை நின்றது. பணக்காரனாகப் பிறப்பது உன் கையில் இல்லை. தன்னை ஆளக் கற்பது முழுக்க முழுக்க உன் கையில்!

திருவள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். மனப்பாடப் பகுதியில் வந்தால் ஒப்பித்துவிட்டு மறக்கிறோம். அடுத்த முறை படிக்கும்போது உனக்காகவே எழுதியது என்று நினைத்துப் படி.

செல்லோடு மல்லுக்கட்டாதே, அதைத் தள்ளி வை

“கட்டுப்பாடா இருக்கணும்னுதான் நினைக்கிறேன். செல்லு கையில வந்துட்டா முடியலையே?”

முடியாது. யாராலும் முடியாது! ஒரு ரீல்ஸ் முடிவதற்குள் அடுத்தது தானாக வரும்படி அதைச் செய்து வைத்திருப்பவர்கள் உலகத்தின் பெரிய மூளைக்காரர்கள். தனியாக உட்கார்ந்து, அந்தச் செல்லை மேசைமேல் வைத்துக்கொண்டு, ‘தொட மாட்டேன், தொட மாட்டேன்’ என்று பல்லைக் கடிப்பது வீரம் இல்லை. வீண் வேலை. ஆசையோடு நேருக்கு நேர் சண்டை போடுகிற மாணவனைவிட, ஆசை தூண்டும் பொருளையே இடத்தைவிட்டு அகற்றுகிற மாணவன்தான் படிப்பில் தன் இலக்கை அடைகிறான் என்று டக்வொர்த்தும் அவருடைய குழுவினரும் பின்னர் நடத்திய ஆய்வுகளில் கண்டார்கள்.

அப்படியென்றால் செய்ய வேண்டியது எளிது. படிக்கும் நேரத்தில் செல் உன் அறையில் இருக்கக் கூடாது. அம்மாவின் முந்தானையில் முடிந்து வைக்கட்டும், அரிசிப் பானைக்குள் போகட்டும், பக்கத்து வீட்டு அத்தையிடம் இருக்கட்டும். கண்ணுக்கும் கைக்கும் எட்டக் கூடாது, அவ்வளவுதான். ஆன்லைன் வகுப்புக்கு வேண்டும் என்கிறாயா? வகுப்பு முடிந்த நிமிடமே திருப்பிக் கொடு. உன்னை ஏமாற்றும் அந்த வாக்கியம் எது என்று உனக்கே தெரியும்: “அஞ்சே நிமிஷம்.” அந்த அஞ்சு நிமிஷம் இதுவரை எத்தனை ராத்திரிகளைத் தின்றிருக்கிறது?

அடுத்தது நேரம். ‘நல்லாப் படிக்கணும்’ என்பது தீர்மானமே இல்லை. எப்போது, எங்கே, எதை என்று சொல்லாத தீர்மானம் காலையில் எழுதி மாலையில் அழிவது. “ஏழு மணி அடித்தால் திண்ணையில் உட்கார்ந்து இயற்பியல் இரண்டாம் பாடம்” என்று சொல். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் இந்த வகைத் தீர்மானத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தவர்கள், வெறுமனே ஆசைப்பட்டவர்களைவிட அதிகம் செய்து முடித்தார்கள். கரண்ட் போனால்? சார்ஜ் லைட் எங்கே என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால்? மொட்டை மாடியோ பள்ளி வராந்தாவோ ஊர் நூலகமோ, மாற்று இடம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். தடை வரும்போது யோசிக்கிறவன் தடையிலேயே நிற்பான். தடை வரும் முன்பே யோசித்தவன் தாண்டிப் போவான்.

மூன்றாவது, படிக்கும் முறை. கைடை விரித்து வைத்து மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே பத்து தடவை வாசிப்பது படிப்பு மாதிரி தோன்றும். புத்தகத்தை மூடு. ஒரு வெள்ளைத்தாளில் நினைவிலிருந்து எழுது. தப்பாக வந்ததைத் திருத்து. மறுபடியும் மூடு, எழுது. திரும்பத் திரும்ப வாசிப்பவர்களைவிடத் தன்னைத்தானே சோதித்துக்கொள்பவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருக்கிறது என்பதை ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இலேயே காட்டிவிட்டார்கள். நம் பள்ளிகளில் ஆசிரியர்கள் தினமும் டெஸ்ட் வைத்துப் பாடாய்ப் படுத்துகிறார்களே, அதன் ரகசியம் இதுதான். அந்த டெஸ்ட்டைத் திட்டாதே. ஆசிரியர் வைக்காத நாளில் உனக்கு நீயே வைத்துக்கொள்.

சொன்ன சொல் தவறாத வீடு

பெற்றோரே, இனிக் கொஞ்ச நேரம் உங்களோடு.

குழந்தையின் முன் ஒரு மிட்டாயை வைத்து, “நான் திரும்பி வரும் வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன்” என்று சொல்லிவிட்டுப் போகும் சோதனை உலகப் புகழ் பெற்றது. ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் தொடங்கியது. அதைப் பலரும் குழந்தையின் மனத்திடச் சோதனை என்றார்கள். 2013இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற ஆராய்ச்சியாளர் வேறு ஒரு கேள்வியைக் கேட்டார்: வாக்குக் கொடுக்கும் பெரியவர் நம்பத் தகுந்தவரா? சோதனைக்கு முன்பே சில குழந்தைகளிடம் “நல்ல வண்ணப் பென்சில் கொண்டு வருகிறேன்” என்று சொல்லி, சொன்னபடி கொடுத்தார்கள். மற்றக் குழந்தைகளிடம் அதையே சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். பிறகு மிட்டாய்ச் சோதனை. வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட குழந்தைகள் 3 நிமிடத்தில் வாயில் போட்டுக்கொண்டார்கள்!

குழந்தைக்குப் பொறுமை இல்லாமலா? இல்லை. பெரியவரின் வார்த்தையில் நம்பிக்கை போயிற்று.

நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். “பத்தாவதுல நல்ல மார்க் எடு, சைக்கிள் வாங்கித் தரேன்” என்றீர்கள். எடுத்தான். வாங்கித் தந்தீர்களா? “அழாதே, சாயங்காலம் கடைக்குக் கூட்டிப் போறேன்” என்றீர்கள். போனீர்களா? முடியாததைச் சொல்லாதீர்கள். சொன்னதைச் செய்யுங்கள். சைக்கிள் வாங்க வழியில்லை என்றால் ஒரு பேனா என்று சொல்லுங்கள். அந்தப் பேனாவைச் சொன்ன நாளில் கையில் கொடுங்கள். காத்திருந்தால் கிடைக்கும் என்று வீட்டில் அறிந்த பிள்ளைதான் பாடப் புத்தகத்தின் முன்னும் காத்திருக்கும்.

அதேபோல், அப்பா கையில் செல், அம்மா கண்ணில் சீரியல், பிள்ளைக்கு மட்டும் “படி, படி” என்றால் அது செல்லுபடியாகாது. சாயங்காலம் குடித்துவிட்டு வந்து கத்துகிற அப்பா, மகனுக்குக் கட்டுப்பாட்டைப் பற்றிச் சொல்ல எந்த வாயைத் திறப்பார்? மக்கட்பேறு அதிகாரத்தில் தந்தை மகனுக்குச் செய்ய வேண்டியதை வள்ளுவர் முன்னால் வைத்தார். மகன் தந்தைக்குச் செய்ய வேண்டியதை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்தார். வரிசையைக் கவனியுங்கள். முதல் பரீட்சை உங்களுக்குத்தான்.

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க, நான் எப்படிச் சொல்லித்தர?” என்று ஒரு தாய் கேட்கலாம். அம்மா, நீங்கள் பாடம் சொல்லித்தர வேண்டியதே இல்லை! நான்சி ஹில், டயானா டைசன் என்ற இருவர் 50 ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். நடுநிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடத்தில் உதவும் பெற்றோரால் விளையும் நன்மையைவிட, படிப்பு எதற்கு, இதைப் படித்தால் எங்கே போகலாம் என்று பேசும் பெற்றோரால் விளையும் நன்மை மிக அதிகம். இதற்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரிந்திருக்க வேண்டாம். “இன்னைக்கு என்ன சாமி படிச்ச? எனக்குச் சொல்லு” என்று கேளுங்கள். பிள்ளை சொல்லச் சொல்லக் காது கொடுங்கள். சொல்லும்போதே அது படித்துவிடும்.

இன்னொன்று. மாநில அளவில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களின் பெயரை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் மோதவிட வேண்டாம் என்பதற்காக நிறுத்தியது. நம் வீட்டில் எப்போது நிறுத்தப் போகிறோம்? பக்கத்து வீட்டுப் பையனோடு, சித்தப்பா மகளோடு, உங்கள் பிள்ளையைத் தராசில் நிறுத்தாதீர்கள். நேற்றைய உங்கள் பிள்ளையோடு இன்றைய உங்கள் பிள்ளையை ஒப்பிடுங்கள். அது ஒன்றே நியாயமான தராசு.

பெண் பிள்ளைக்கு ஏன் வேறு அளவுகோல்?

மகன் பெயில் ஆனால் “மறுபடி எழுது.” மகள் பெயில் ஆனால் “மாப்பிள்ளை பார்.” இந்த அநியாயம் இன்னும் ஒழியவில்லை. குழந்தைத் திருமணங்களைத் தடுத்து நிறுத்த மாவட்ட நிர்வாகமே கல்யாண மண்டபத்துக்கு ஓடவேண்டியிருந்த மண் பெரம்பலூர். மகள்மீது வைக்கும் எதிர்பார்ப்பு கல்யாணத்தோடு முடிந்துவிட்டால், அவள் எதற்காகத் தன்னைக் கட்டுப்படுத்திப் படிப்பாள்?

தங்கச்சி, உன்மேல் யாரும் எதிர்பார்ப்பு வைக்கவில்லையா? நீயே வை! அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டுக் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்துவிட்டது. “செலவு பண்ண வழியில்ல” என்ற பாட்டுக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல். உன் தலைமை ஆசிரியையிடம் போ. கல்யாணப் பேச்சு வற்புறுத்தலாக மாறினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழை. உன் வாழ்க்கையின் முதல் வாக்கியத்தை எழுத வேண்டியவள் நீ.

அனிதாவை மறக்காதே

இதுவரை சொன்னதையெல்லாம் ஒரு பெயர் நிறுத்திக் கேள்வி கேட்கும். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா. திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 2017 பிளஸ் டூவில் 1,200க்கு 1,176. எதிர்பார்ப்பு குறைந்ததா? இல்லை. கட்டுப்பாடு குறைந்ததா? இல்லை. உழைப்பு குறைந்ததா? சத்தியமாக இல்லை. அந்த ஆண்டு மருத்துவச் சேர்க்கைக்கான விதி மாறியது. நீட் நுழைவுத்தேர்வு வந்தது. உச்ச நீதிமன்றம் வரை போய் நியாயம் கேட்டார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம்.

ஆகவே, பிள்ளை தோற்றால் அது பிள்ளையின் குற்றம் என்று கைகழுவிவிட எந்தப் பெரியவருக்கும் உரிமை இல்லை. சுயகட்டுப்பாடு மாணவனின் கடமை என்றால், உழைத்தவனுக்குக் கதவைத் திறந்து வைப்பது சமூகத்தின் கடமை. தாமதமாகவேனும் சில கதவுகள் திறந்தன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் அரங்கத்துக்கு அனிதாவின் பெயர். அந்த அரங்கத்தில் இன்று வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு உட்காரும் ஒவ்வொரு கிராமத்துப் பிள்ளையும் அவர் கேட்ட நியாயத்தின் பங்காளி. ஆனால் அந்த இருக்கையில் அனிதாவே உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் நமக்கு வலி.

தம்பி, தங்கச்சி, இதைக் கல்லில் வெட்டியதுபோல் மனத்தில் வை. எந்தத் தேர்வும் உன் உயிரின் விலைக்கு வராது. பிளஸ் டூவில் ஒரு பாடம் போனால் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு இருக்கிறது. மருத்துவம் கிடைக்காவிட்டால் செவிலியர், மருந்தியல், வேளாண்மை, கால்நடை, சட்டம், ஆசிரியப் பணி என்று வழிகள் நீள்கின்றன. மனம் தாங்கவில்லையா? வெட்கப்படாதே. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையோ, 104ஐயோ அழை. உன் வகுப்பாசிரியரிடம் சொல். அம்மா மடியில் தலைவைத்து அழு. உதவி கேட்பதும் சுயகட்டுப்பாடுதான். அதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும்.

பெற்றோரே, ரிசல்ட் வரும் நாளுக்கு முன்தினம் உங்கள் பிள்ளையிடம் ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: “எவ்வளவு வந்தாலும் நீ எம்புள்ளடா.” கடிதமாக எழுதத் தெரியாவிட்டாலும் வாயால் சொல்லுங்கள். அந்த வாக்கியத்தைக் கேட்ட பிள்ளை கீழே விழுந்தாலும் எழுந்து நிற்கும்.

இன்று ராத்திரியே தொடங்கு!

97, 98 விழுக்காடு தேர்ச்சி என்பது பெருமைதான். ஆனால் தேர்ச்சி என்பது 35 மதிப்பெண். அந்த 35ஐத் தாண்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டால், அடுத்த நான்கு ஆண்டுகளில் இன்னொரு மாவட்டம் உன்னை முந்தும். கல்லூரிக்குப் போ. பட்டம் வாங்கு. போட்டித் தேர்வு எழுது. பின்தங்கிய மாவட்டம் என்று பட்டப்பெயர் வைத்தவர்களே உன் கையெழுத்துக்காக உன் அலுவலக வாசலில் நிற்கட்டும்!

உன் அப்பா ஆசைப்பட்டார். அது அவருடைய உரிமை. உன் அம்மா கனவு கண்டார். அது அவருடைய பாசம். அந்த ஆசையைச் சுமையாகத் தூக்காதே, சாட்சியாக வைத்துக்கொள். உன் நேரத்தை யார் ஆள்கிறார்கள்? உன் செல்லா, உன் கூட்டாளிகளா, உன் சோம்பலா, நீயா? இந்தக் கேள்விக்கு ‘நான்தான்’ என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் நாளில் உன் மதிப்பெண் பட்டியல் மாறும்.

நாளைக்கு என்று தள்ளாதே. திங்கட்கிழமை என்று தள்ளாதே. காலாண்டு முடியட்டும், அரையாண்டு முடியட்டும் என்று தள்ளாதே. செல்லை அம்மாவிடம் கொடு. புத்தகத்தை எடு. முதல் பாடத்தின் முதல் கேள்விக்கு விடையைப் பார்க்காமல் எழுது. எழுதியதை அப்பாவிடம் காட்டு. அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் காட்டு.

உன்னை ஆளக் கற்றுக்கொள். ஊரை ஆளும் வாய்ப்பு தானாகத் தேடி வரும். எழுந்திரு, உட்கார், படி!